இல்லாத இத்தாலிய மூலம்: பழைய பேய்க்கதைகளை இத்தாலிய மொழியில் படிப்பது பற்றி

"இத்தாலிய மொழி ஓரளவு படிக்க வந்துவிட்டது. பழைய ஆங்கிலப் பேய்க்கதைகள், அமானுஷ்யக் கதைகள், ஃபேன்டசி என்றால் எனக்கு உயிர். அவற்றை இத்தாலிய மொழிபெயர்ப்பில் படிப்பதில் ஏதாவது அர்த்தம் உண்டா? மூலமே கையில் இருக்கும்போது அது வீண் சுற்றுவழி இல்லையா? படிக்கலாம் என்றால் எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுற்றுவழிதான். ஆனால் இந்த வகைக் கதை பிறந்ததே சுற்றுவழியில்தான், அதுவும் இத்தாலிய மொழியின் பெயரைச் சொல்லிக்கொண்டு.

1764 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் 'ஒத்ராந்தோ கோட்டை' என்ற சிறிய நாவல் வெளிவந்தது. அச்சிட்டது 500 பிரதி. வானத்திலிருந்து ராட்சதத் தலைக்கவசம் விழுந்து கல்யாண மாப்பிள்ளை நசுங்கிச் சாவதில் கதை தொடங்கும். முகப்பில் ஆசிரியர் பெயர் ஒனுஃப்ரியோ முரால்தோ. ஒத்ராந்தோ ஊரின் புனித நிக்கோலாஸ் தேவாலயத்துப் பாதிரியாராம். இங்கிலாந்தின் வடக்கே பழைய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் நூலகத்தில், 1529-இல் நேப்பிள்ஸில் அச்சான இத்தாலியப் புத்தகம் கிடைத்ததாகவும், வில்லியம் மார்ஷல் என்பவர் அதை மொழிபெயர்த்ததாகவும் முன்னுரை சொன்னது. அத்தனையும் புளுகு. எழுதியவர் ஹோரஸ் வால்போல், முன்னாள் பிரதமரின் மகன். புத்தகம் விற்றுத் தீர்ந்த பிறகு இரண்டாம் பதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டார். பழைய கோட்டை, சாபம், பேய் என்று பயமுறுத்தும் கோதிக் நாவல் என்ற வகையே இப்படி இல்லாத இத்தாலிய மூலத்தின் பொய் மொழிபெயர்ப்பாகத்தான் ஆரம்பமானது.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. 1791-இல் இத்தாலியின் பார்மா நகரில், அச்சுக்கலையின் பெரும்புள்ளியான போதோனி இந்த நாவலை அழகாக அச்சிட்டார், ஆனால் ஆங்கிலத்தில். நிஜமான இத்தாலிய மொழிபெயர்ப்பு 1795-இல் வந்தது, ஆனால் லண்டனிலிருந்து! 'மூலம்' தனக்குரிய மொழிக்குப் போய்ச் சேர 31 ஆண்டுகள் ஆயின. கோதிக் நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃப் அம்மையார் இத்தாலிய மலைகளையும் மடங்களையும் வைத்து வாசகர்களைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார். இத்தாலிக்குக் கால் வைத்ததே கிடையாது. இத்தாலியர்கள் தங்கள் நாட்டைப் பற்றிய அந்தப் பயங்கரங்களைப் பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக மொழிபெயர்த்துப் படித்தார்கள்.

அடுத்ததாக 1816-க்கு வர வேண்டும். அந்த ஜனவரியில் மிலானின் 'பிப்லியோதேக்கா இத்தாலியானா' இதழில் பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் தெ ஸ்தால் ஒரு கட்டுரை எழுதினார். இத்தாலியர்கள் பழைய கிரேக்கக் கதைகளையே அரைத்துக்கொண்டிருக்காமல் ஆங்கில, ஜெர்மன் இலக்கியங்களை மொழிபெயர்க்க வேண்டும் என்பது சாரம். இத்தாலிய அறிஞர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு ஜூனில், அவருடைய கொப்பே மாளிகை இருந்த அதே ஜெனீவா ஏரிக்கரையில், பைரன் தங்கியிருந்த வில்லாவில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம் பேய்க்கதைப் போட்டி வைத்துக்கொண்டது. அதிலிருந்து மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' வந்தது. பைரனின் வைத்தியர் ஜான் போலிதோரியின் 'வாம்பயர்' கதையும் வந்தது. போலிதோரியின் அப்பா தஸ்கனிக்காரர். இவ்வளவு பக்கத்தில் நடந்தும் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' இத்தாலிய மொழிக்கு வந்தது 1944-இல். படம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து!

ஏன் இவ்வளவு தாமதம்? 19-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உரைநடை வரலாற்று நாவலின் பிடியில், பிறகு யதார்த்தத்தின் பிடியில் இருந்தது. இதாலோ கால்வினோ 1983-இல் 19-ஆம் நூற்றாண்டு மாயக்கதைகளை இரண்டு தொகுதிகளாகத் தொகுத்தபோது இத்தாலிய எழுத்தாளர் ஒருவரையும் சேர்க்கவில்லை. சும்மா பெயருக்கு இடம் கொடுக்க விருப்பமில்லை, அந்த நூற்றாண்டு இத்தாலியில் இது உண்மையிலேயே சின்னத் துறை என்று முன்னுரையில் சொல்லிவிட்டார். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. தார்கெத்தியை விட்டிருக்கக் கூடாது. ஆனால் தார்கெத்தியின் கதையே என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி மாதிரி இருக்கிறது, கேளுங்கள்.

இஜினோ ஊகோ தார்கெத்தி மிலானின் 'ஸ்காபிலியாத்தூரா' கூட்டத்தைச் சேர்ந்தவர். பரட்டைத்தலைக்காரர்கள் என்று அர்த்தம் வரும். பணமில்லை, உடம்பு சரியில்லை, பத்திரிகைகளுக்கு எழுதித் தள்ளினார், 1869-இல் 29 வயதில் இறந்துபோனார். 1865-இல் அவர் வெளியிட்ட கதை 'சாகாவரம் பெற்ற மானிடன்'. ரசவாதியின் மருந்தைக் குடித்துவிட்டுச் சாக முடியாமல் தவிக்கும் மனிதனின் கதை. தலைப்பின் கீழே 'ஆங்கிலத்திலிருந்து' என்று மட்டும் போட்டிருந்தது. யாருடைய ஆங்கிலம் என்று இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து வேறு தலைப்பில், 'ஆங்கிலத்தைப் போலச் செய்தது' என்ற குறிப்போடு மறுபடி வந்தது. உண்மையில் அது மேரி ஷெல்லி 1833-இல் எழுதிய கதை. நாயகனின் பெயர் வின்சென்சோ ஆயிற்று, கதை மிச்சபடி மேரி ஷெல்லியுடையதேதான். நம் ஊரில் 'தழுவல்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். தார்கெத்தி அதைக்கூட முழுசாகச் சொல்லவில்லை. தார்கெத்தியை 1990-களில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன லாரன்ஸ் வெனுட்டி இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவருக்கு நேர்ந்ததை யோசித்துப் பாருங்கள்: ஆங்கிலக் கதையின் களவு மொழிபெயர்ப்பைத் திரும்பவும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலை.

ஆக, மொழிபெயர்ப்பு என்பது இத்தாலிய மாயக்கதைக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை, அது போட்டுக்கொண்ட முகமூடி. முகமூடி யார் போட்டது, எப்போது போட்டது என்று பார்த்துப் படித்தால்தான் சுவாரஸ்யம். அதனால் ஆசிரியர் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், மொழிபெயர்ப்பாளர் பெயரையும் தொகுப்பாளர் பெயரையும் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் உங்களுக்கு என் முதல் யோசனை.

ஆரம்பகால மொழிபெயர்ப்புகளை வேகமாகத் தாண்டிவிடலாம். எட்கர் ஆலன் போ 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் கவிஞர் போதலேரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். சில அட்டைகளில் 'எட்கார்தோ போ' என்று இத்தாலியராகவே மாறியிருப்பார். 'டிராகுலா' 1922-இல் சொன்ஸோஞோ பதிப்பகத்தில், 'இரவின் மனிதன்' என்ற துணைத்தலைப்போடு, சுருக்கமாக வந்தது. ஜெர்மன் மொழியில் எழுதிய குஸ்தாவ் மைரிங்கின் 'கோலெம்' 1926-இல் என்ரிகோ ரோக்காவின் மொழிபெயர்ப்பில் ஃபொலிஞோ என்ற சின்ன ஊரிலிருந்து வந்தது. 1940-களில் மைரிங்கின் வேறு சில நாவல்களை மொழிபெயர்த்தவர் யூலியூஸ் எவோலா. ஃபாசிஸ்டுகளையே போதாத வலதுசாரிகள் என்று நினைத்த தத்துவவாதி அவர். மைரிங்கை நாவலாசிரியராகப் பார்க்கவில்லை, ரகசிய ஞானத்தின் ஆசானாகவே பார்த்தார். இந்த இழை மறுபடி வரும், நினைவில் வையுங்கள்.

இனி நிதானமாகப் போகலாம். ஏனென்றால் நீங்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

1960-இல் தூரினின் ஐனாவுதி பதிப்பகம் 'ஸ்தோரியே தி ஃபந்தாஸ்மி' (பேய்க்கதைகள்) என்ற தடித்த தொகுப்பை வெளியிட்டது. தொகுத்தவர்கள் கார்லோ ஃப்ருத்தேரோவும் ஃப்ராங்கோ லுச்சென்தீனியும். ஐனாவுதி என்றால் இடதுசாரி அறிவுலகத்தின் கோயில். அங்கே பேய்க்கு இடம் கொடுத்தது சின்ன விஷயம் இல்லை. முந்தைய ஆண்டுதான் ஃப்ருத்தேரோவும் கவிஞர் செர்ஜோ சொல்மியும் சேர்ந்து அறிவியல் புனைகதைத் தொகுப்பு ஒன்றை அதே பதிப்பகத்தில் கொண்டுவந்திருந்தார்கள். ஃப்ருத்தேரோவும் லுச்சென்தீனியும் சில்லறை ஆட்கள் இல்லை. பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்தவர் ஃப்ருத்தேரோ. அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸின் புகழ்பெற்ற கதைத்தொகுப்பை 1955-இல் மொழிபெயர்த்தவர் லுச்சென்தீனி. பெக்கெட்டுக்கும் போர்ஹெஸுக்கும் காட்டிய அதே கவனத்தைப் பேய்க்கதைக்கும் காட்டியதுதான் அந்தத் தொகுப்பின் மதிப்பு. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டை மரியாதையான வீடுகளுக்குள் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1966-இல் இதே ஜோடி மொந்ததோரி பதிப்பகத்துக்காக லவ்கிராஃப்டுக்கு மட்டும் தனித் தொகுப்பு போட்டது. அதன் தலைப்பு 'தெருமுனையில் அரக்கர்கள்'. லவ்கிராஃப்ட் அப்படி எதுவும் எழுதவில்லை. தலைப்பு இவர்கள் வைத்தது. அண்டவெளிப் பயங்கரத்தைத் தெருமுனைக்கு இழுத்து வந்தது அவர்களுடைய குறும்பு என்றுதான் நினைக்கிறேன்.

இவர்கள் இருவரும் 1985 வரை மொந்ததோரியின் 'ஊரானியா' இதழையும் நடத்தினார்கள். 1952-இல் தொடங்கிய, பெட்டிக்கடைகளில் தொங்கும் மலிவு விலை அறிவியல் நாவல் வரிசை அது. வெள்ளை அட்டை, நடுவில் சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் காரெல் தோலே என்ற டச்சுக்காரர் வரைந்த படம். நான் தூரினில் இருந்த மூன்று ஆண்டுகளும் போ தெருவின் வளைவுகளுக்குக் கீழே இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் எத்தனை சனிக்கிழமைகளை இந்த வட்டங்களுக்குச் செலவழித்தேன் என்று கணக்கில்லை. இத்தாலியர் எழுதும் அறிவியல் கதைகளை ஏன் போடுவதில்லை என்று கேட்டபோது, பறக்கும் தட்டு லூக்காவில் வந்து இறங்க முடியாது என்று ஃப்ருத்தேரோ சொன்னதாகப் பெயர். லூக்கா என்பது தஸ்கனியில் மதிலுக்குள் அடங்கிய அமைதியான ஊர். இத்தாலிய எழுத்தாளர்கள் இன்றும் இந்த வாக்கியத்தை மன்னிக்கவில்லை. லூக்காவை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

பறக்கும் தட்டு லூக்காவில் இறங்காது என்றால் என்ன செய்வது? பெயரை மாற்று! இங்கிலாந்தின் ஹாம்மர் சினிமா நிறுவனத்தின் 'டிராகுலா' படம் வந்து பணத்தை அள்ளியதும், 1959 கடைசியில் ரோமில் 'இ ரக்கோன்தி தி திராகுலா' (டிராகுலா கதைகள்) என்ற மலிவு நாவல் வரிசை தொடங்கியது. மாதம் ஒரு நாவல், அட்டையில் அலறும் பெண், ஆங்கிலம் போல ஒலிக்கும் ஆசிரியர் பெயர். உள்ளே பார்த்தால் எழுதியது பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். ஃப்ராங்க் கிரெகோரியுஸ் என்ற கம்பீரமான பெயருக்குப் பின்னால் இருந்தவர் லிபெரோ சமாலே. வால்போல் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு இத்தாலிய மொழிபெயர்ப்பு என்றார். 200 ஆண்டுகள் கழித்து ரோமில் இத்தாலிய மொழியில் எழுதிவிட்டு ஆங்கில மொழிபெயர்ப்பு என்றார்கள். சினிமாவிலும் இதே கூத்து. 1960-இல் வந்த 'கல் பெண்களின் ஆலை' என்ற படம் பீட்டர் வான் வைகன் என்பவரின் 'ஃப்ளெமிஷ் கதைகள்' நூலை அடிப்படையாகக் கொண்டது என்று எழுத்து ஓடும். அப்படி ஆசிரியரும் இல்லை, நூலும் இல்லை. இயக்குநர்களில் மாரியோ பாவா 'ஜான் எம். ஓல்ட்' ஆனார், ரிக்கார்தோ ஃப்ரேதா 'ராபர்ட் ஹாம்ப்டன்' ஆனார்.

மொழி கற்பவருக்கு இந்த மலிவு நாவல்கள் நல்ல தீனி, சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஆனால் இலக்கியம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். பத்தில் எட்டு குப்பை, ஒன்று சுமார், ஒன்று தூக்கத்தைக் கெடுக்கும்.

மறுமுனையில் அதெல்ஃபி இருக்கிறது. மிலானில் 1962-இல் தொடங்கிய பதிப்பகம். பின்னணியில் இருந்த மூளை திரியெஸ்தேக்காரரான பாபி பாஸ்லென். அவர் எதுவும் வெளியிடாமல் படித்துக்கொண்டே இருந்தவர். ஆசிரியருக்கு ஒரே ஒருமுறைதான் நேரக்கூடிய அனுபவத்திலிருந்து பிறந்த 'தனித்த புத்தகங்களை'த் தேடினார். அவர் தேர்ந்தபடி அதெல்ஃபி நூல்வரிசையின் முதல் புத்தகமாக 1965-இல் வந்தது ஆல்ஃப்ரெட் கூபினின் 'மறுபக்கம்'. ஓவியர் ஒருவர் வாழ்நாளில் எழுதிய ஒரே நாவல், மத்திய ஆசியாவில் கட்டப்பட்ட கனவு நகரம் அழுகி உதிர்வதைப் பற்றியது. பாஸ்லென் அந்த ஆண்டே இறந்துபோனார். வரிசையின் மூன்றாவது நூல் போட்டோட்ஸ்கியின் 'சரகோசாவில் கிடைத்த கையெழுத்துப் பிரதி'. மறுபடியும் கிடைத்த கையெழுத்துப் பிரதி, கவனித்தீர்களா?

அதெல்ஃபி வரிசையில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எம். பி. ஷீலின் 'ஊதா மேகம்' வாங்குங்கள். மூலம் 1901. துருவத்திலிருந்து திரும்பும் மனிதன் உலகமே நச்சு மேகத்தில் செத்துக் கிடப்பதைக் காண்கிறான். பிறகு தனிமையில் பைத்தியம் முற்றி நகரம் நகரமாகக் கொளுத்துகிறான். ஷீலின் ஆங்கிலம் ஜரிகை மேல் ஜரிகை வைத்துத் தைத்தது, நேராகப் படித்தால் மூச்சு முட்டும். இத்தாலிய மொழிபெயர்ப்பு ரொதோல்ஃபோ வில்காக் செய்தது. இவர் புவெனோஸ் ஐரிஸில் பிறந்த அர்ஜென்டினக்காரர், போர்ஹெஸ், பியோய் கசாரெஸ் வட்டத்தில் வளர்ந்தவர். 1950-களின் கடைசியில் இத்தாலிக்குக் குடிபெயர்ந்து, தாய்மொழியை விட்டுவிட்டு இத்தாலிய எழுத்தாளராகவே ஆனார். தானே ஏற்றுக்கொண்ட மொழியில் எழுதியதாலோ என்னவோ, அவர் வாக்கியத்தில் வீண் கொழுப்பு இல்லை. மூலத்தைவிட மொழிபெயர்ப்பே மேல் என்று நான் துணிந்து சொல்லும் மிகச் சில நூல்களில் இது ஒன்று.

போர்ஹெஸும் நேரடியாக வந்தார். பார்மாவில் ஃப்ராங்கோ மரியா ரிச்சி என்ற பதிப்பாளர் இருந்தார். போதோனியின் எழுத்துருவின் மேல் தீராத காதல் கொண்டவர். வால்போலை அச்சிட்ட அதே போதோனிதான். 1975 முதல் ரிச்சி 'பாபேல் நூலகம்' என்ற வரிசையை வெளியிட்டார். தேர்வும் முன்னுரைகளும் போர்ஹெஸ். மேக்கன், டன்சேனி, மைரிங்க், பெக்ஃபோர்டின் 'வாதேக்', சாகி, பு சுங்-லிங்கின் சீனக் கதைகள் எல்லாம் ஒல்லியான நூல்களாக வந்தன. இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது இத்தாலியருடைய நூல்தான், ஜொவான்னி பாப்பினியின் கதைகள். பாப்பினி 1906-இல் எழுதிய கதை ஒன்றில் மனிதன் ஒருவன் குளத்து நீரில் தன் பிம்பத்துக்குப் பக்கத்தில் ஏழாண்டுக்கு முந்தைய தன்னையே பார்க்கிறான். போர்ஹெஸ் சிறுவயதில் பாப்பினியை ஸ்பானிய மொழிபெயர்ப்பில் படித்து மறந்துவிட்டார். வயதான காலத்தில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஆற்றங்கரை பெஞ்சில் இளவயதுத் தன்னையே சந்திப்பதாகக் கதை எழுதினார். எங்கிருந்து வந்தது என்பது பாப்பினியைத் திரும்பப் படித்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. முன்னுரையில் அதை நன்றியோடு ஒப்புக்கொண்டார். தங்கள் நாட்டு மாயக்கதைக்காரரை இத்தாலியர்கள் அர்ஜென்டினக்காரர் சொல்லித்தான் மறுபடி கண்டெடுத்தார்கள்.

டோல்கீனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். 'மோதிரங்களின் தலைவன்' நாவலின் முதல் தொகுதி 1967-இல் அஸ்த்ரோலாபியோ பதிப்பகத்தில் வந்தது. மொழிபெயர்த்த விட்டோரியா அல்லியாத்தாவுக்கு அப்போது வயது இருபதுகூட இல்லை. விற்கவில்லை. 1970-இல் ருஸ்கோனி பதிப்பகம் முழு நூலையும் எலெமீரே சொல்லாவின் முன்னுரையோடு போட்டது. வலதுசாரிச் சார்புள்ள பதிப்பகம், மரபுஞானம் பேசும் முன்னுரை. மற்ற நாடுகளில் ஹிப்பிகளின் பையில் இருந்த புத்தகம் இத்தாலியில் நவஃபாசிஸ்ட் இளைஞர்களின் கைக்குப் போயிற்று. 1977-இல் மொந்தெசார்க்கியோ என்ற ஊரில் அவர்கள் நடத்திய முகாமுக்குப் பெயரே 'காம்போ ஹாபிட்', அதாவது டோல்கீன் கதையில் வரும் குள்ளர்களான ஹாபிட்களின் முகாம். எவோலாவிலிருந்து வரும் இழை இதுதான். ஃபனூச்சி பதிப்பகத்தில் 1970-களில் லவ்கிராஃப்ட் வகையறாவைப் பெருமளவில் கொண்டுவந்த ஜான்ஃப்ராங்கோ தெ தூர்ரிஸும் எவோலா ஆய்வாளர்தான். செபஸ்தியானோ ஃபூஸ்கோவும் அவரும் எழுதிய முன்னுரைகளில் உழைப்பு நிறைய, தகவல் நிறைய, கூடவே இந்த வாடையும் உண்டு. கதையைப் படியுங்கள், முன்னுரையைக் கண்ணைத் திறந்துகொண்டு படியுங்கள். 2019 முதல் வந்த ஒத்தாவியோ ஃபாத்திகாவின் புது மொழிபெயர்ப்பு பெயர்களையெல்லாம் மாற்றியதும் நடந்த சண்டை இலக்கியச் சண்டை மட்டும் இல்லை என்பது இப்போது புரியும்.

சரி, உங்கள் கேள்வியின் முக்கியமான பாதிக்கு வருகிறேன். மூலம் இருக்கும்போது இத்தாலிய மொழியில் படித்தால் புதிதாக என்ன கிடைக்கும்?

இலக்கணம் கிடைக்கும். சிரிக்காதீர்கள். எம். ஆர். ஜேம்ஸின் பேய்க்கதைகளில் பயங்கரமே, வருவது ஆணா பெண்ணா மனிதனா என்று தெரியாத 'அது'வில் இருக்கிறது. தமிழில் நமக்குக் கவலையில்லை, 'அது' இருக்கிறது. இத்தாலிய மொழியில் அஃறிணை இல்லை. எல்லாம் ஆண்பால் அல்லது பெண்பால். 'லா கோஸா' என்றால் அந்தப் பொருள் பெண்பாலாகிவிடும், 'லெஸ்ஸெரே' என்றால் ஆண்பால். போர்வைக்குள் கிடப்பதற்குப் பால் வந்துவிட்டால் பாதிப் பயம் போச்சு. ஆனால் நல்ல மொழிபெயர்ப்பாளர் இங்கே வித்தை காட்டுவார். தமிழைப் போலவே இத்தாலிய மொழியிலும் எழுவாயை விட்டுவிடலாம். தமிழில் விட்டாலும் வினை காட்டிக்கொடுத்துவிடும்: வந்தான், வந்தாள், வந்தது. இத்தாலியக் கதைசொல்லலின் எளிய இறந்தகால வினைக்கு அந்த வால் இல்லை. 'வென்னே. சி ஃபெர்மோ. அஸ்கொல்தோ.' வந்து, நின்று, உற்றுக்கேட்டது யார்? ஆணா, பெண்ணா, அதுவா? ஆங்கிலத்தாலும் தமிழாலும் சொல்லாமல் மறைக்க முடியாததை இத்தாலிய மொழி மூன்று சின்ன வாக்கியங்களில் மறைத்துவிடும். இந்த இடங்களைத் தேடிப் படியுங்கள். சோம்பேறி மொழிபெயர்ப்பாளர் 'லா கோஸா' என்று எழுதியிருப்பார். கைதேர்ந்தவர் ஒன்றும் எழுதியிருக்க மாட்டார்.

இன்னொன்று காலம். ஆங்கிலத்தில் கதவு திறந்தது என்றால் திறந்தது, அவ்வளவுதான். இத்தாலிய மொழியில் 'சி அப்ரீ' என்றால் சட்டெனத் திறந்து முடிந்தது, 'சி அப்ரீவா' என்றால் திறந்துகொண்டே இருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஒரே கதையின் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றில் பேய் பாயும், மற்றதில் ஊரும்.

பழைய பதிப்புகளில் எல்லோரும் ஒருவரையொருவர் 'வொய்' என்று அழைப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். இன்று மரியாதைக்குச் சொல்வது 'லெய்'. 1938-இல் ஃபாசிஸ்ட் அரசு 'லெய்'யை ஒழித்து 'வொய்'யைத் திணிக்கப் பார்த்தது. அதற்கு முன்பும் பின்பும்கூட வெளிநாட்டு நாவல்களில் 'வொய்' வழக்கமாக இருந்தது. பேய்க்கதைக்கு அந்தப் பழைய வாசனை பொருந்தித்தான் போகிறது.

வாங்கும் வழி. புத்தகத்தின் முதல் பக்கங்களில் மூன்று விஷயம் பாருங்கள்: மொழிபெயர்த்தவர் யார், மூலத் தலைப்பு என்ன, முழுப் பதிப்பா சுருக்கமா. ஐனாவுதி, அதெல்ஃபி நூல்கள் புதிதாகவும் கிடைக்கும், பழையதாகவும் கிடைக்கும். லவ்கிராஃப்டுக்கு ஜுசெப்பே லிப்பி தொகுத்து 1989 முதல் 1992 வரை மொந்ததோரி நான்கு தொகுதிகளாக வெளியிட்ட முழுக்கதைகளே போதும். வேறு தேட வேண்டாம். 1980-களில் ரோமின் தெயோரியா பதிப்பகம் போட்ட சிறு நூல்கள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். 1992-இல் நியூட்டன் பதிப்பகம் '100 பக்கம் 1000 லீரா' என்று ஒரு வரிசை விட்டது. இன்றைய கணக்கில் ஐம்பது சென்ட். பேய்க்கதைகள் அதில் நிறைய வந்தன. காகிதம் மஞ்சளாகிப் பொடியும், மொழிபெயர்ப்பு சில இடங்களில் அவசரமாக இருக்கும், ஆனால் ஒரு தலைமுறையே அதில்தான் ருசி கண்டது. ஃபெல்த்ரினெல்லி 1960-இல் போட்ட 37 கதைகள் கொண்ட வாம்பயர் தொகுப்பு அரிது. கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள்.

எந்தக் கதை எந்த ஆண்டு யார் மொழிபெயர்ப்பில் எங்கே வந்தது என்று பார்க்க எர்னெஸ்தோ வெஜெத்தி வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்த அட்டவணை இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதைத் திறக்காமல் பழைய புத்தகம் வாங்கப் போகாதீர்கள். பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகளில் முடிவதால் 2008-இல் லவ்கிராஃப்ட், 2018-இல் மேக்கன், 2022-இல் பிளாக்வுட் என்று வரிசையாகத் திறந்துகொண்டார்கள். அதனால் புதுப் பதிப்புகள் குவிகின்றன, தரம் கலவை. மிலானின் ஹிப்னோஸ் மாதிரி இந்த வகைக்கென்றே இருக்கும் சின்னப் பதிப்பகங்களை நம்பலாம்.

முதல் கதை எது என்று கேட்டால் பிரான்சிஸ் மேரியன் கிராஃபோர்டின் 'ரத்தமே உயிர்'. ஆசிரியர் அமெரிக்கர், ஆனால் 1854-இல் பிறந்தது பாஞி தி லூக்காவில். பறக்கும் தட்டு இறங்க முடியாத அதே லூக்காவுக்குப் பக்கத்து மலையூர்! சிறிது காலம் அலகாபாத்தில் பத்திரிகை நடத்திவிட்டு, வாழ்வின் பெரும்பகுதியை இத்தாலியில் கழித்து 1909-இல் சொரேந்தோவில் இறந்தார். தென் இத்தாலியின் கலாப்ரியாவில் சான் நிக்கோலா அர்செல்லா என்ற கடலோர ஊரில் அவர் தங்கி எழுதிய காவல் கோபுரம் இன்றும் அவர் பெயரிலேயே நிற்கிறது. கதை நடப்பது அப்படியொரு கோபுரத்தில். நிலா வெளிச்சத்தில் இருவர் மொட்டைமாடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கீழே சற்றுத் தள்ளி மண்மேடு. மேலிருந்து பார்த்தால் அதன் மேல் உடல் கிடப்பது போலத் தெரிகிறது. விருந்தாளி இறங்கிப் போய் மேட்டின் மேல் நின்று பார்க்கிறான், ஒன்றுமில்லை. திரும்பி நடக்கிறான். மாடியில் இருப்பவனுக்கு மட்டும் அவன் மேல் எது தொற்றிக்கொள்ளப் பார்க்கிறது என்று தெரிகிறது.

கதைக்குள் வரும் கிறிஸ்தீனாவும் ஆஞ்செலோவும் ஊராரும் பேசியது கலாப்ரிய இத்தாலியம்தான். கிராஃபோர்ட் அதைத் தலைக்குள்ளேயே மாற்றி ஆங்கிலத்தில் எழுதினார். வால்போல் இருப்பதாகப் பொய் சொன்ன இத்தாலிய மூலம் இந்தக் கதைக்கு மட்டும் ஏறக்குறைய இருக்கிறது. இத்தாலிய வாம்பயர் தொகுப்புகளில் தேடுங்கள், ஆங்கிலத்தை முதலில் படிக்காதீர்கள்.